தொதல் போகும், பால்கோவா போகாது

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் கூடவே அனுப்பிய கொப்பிப் பக்கப் படங்களையும் இரண்டு தடவை பார்த்தேன். மற்ற வாசகர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து நெதர்லாந்துக்குப் போய், அந்நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்து, 2004இல் லண்டன் ஹரோவுக்குக் குடிவந்தவர். வீட்டோடு சேர்ந்த சமையற்கூடத்தில் முறுக்கு, பயற்றம் உருண்டை, தொதல், மைசூர்பாகு, பால்கோவா, கறித்தூள் செய்து விற்கிறீர்கள். சேலையும் கவரிங் நகையும் பக்க வியாபாரம். 2020 முடியும்வரை உங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேர் பாரிஸ், ரொட்டர்டாம், ஜெர்மனிப் பக்கத்து ஆட்கள். 2021 தொடங்கப் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. அடுத்த தைப்பொங்கலோடு ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே விட்டுவிட்டீர்கள். இப்போது ரொட்டர்டாம் மச்சாள் மறுபடி தொடங்கச் சொல்கிறார். தொடங்கலாமா, 2027இல் ஏதோ புது ஒப்பந்தம் வருகிறதாமே, அதுவரை பொறுக்கவா என்று கேட்கிறீர்கள். கடைசியாக இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். கணவர் 2016இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று வாக்களித்தவர். வியாபாரம் படுத்ததற்குக் கோவிட்டும் விலைவாசியும்தான் காரணம் என்கிறார். மகள் பிரெக்சிட்தான் காரணம், திரும்பச் சேர வேண்டும் என்கிறாள். இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

வியாபாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் கொப்பியில் 2020 டிசம்பர்ப் பக்கம் ஒன்றும் 2021 பெப்ரவரிப் பக்கம் ஒன்றும் இருக்கின்றன. டிசம்பரில் வரிசையாக "மு 2 கி, ப.உ 1 கி, தொ 500" என்று எழுதி, பக்கத்தில் ஊர்ப் பெயர், அதற்கு நேரே ஒரு சரி அடையாளம். பெப்ரவரியில் அதே கையெழுத்து, அதே ஊர்கள். ஆனால் சரி அடையாளம் இருந்த இடத்தில் ஏழு தடவை "திரும்பியது" என்று இருக்கிறது. ஓர் இடத்தில் "28 யூரோப் பெட்டிக்கு வாசலில் 17 யூரோ கேட்டார்களாம், வேண்டாம் என்று விட்டார்" என்று குறித்திருக்கிறீர்கள். என் மேசைக்கு அந்த மாதங்களில் வந்த கடைக்காரர் எல்லாருடைய கதையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நடந்தது இதுதான். பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. ஆனால் அந்த வருடக் கடைசிவரை இடைக்காலம் என்று பழைய விதிகளே ஓடின. அதனால்தான் உங்கள் டிசம்பர்ப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் ரொட்டர்டாமுக்குப் போகும் பெட்டி, கொழும்பிலிருந்து போகும் பெட்டியைப் போல வெளிநாட்டுப் பெட்டி ஆனது. "சுங்கவரி இல்லாத ஒப்பந்தம்" என்று 2020 நத்தாருக்கு முதல் நாள் அறிவித்தார்களே, அது பொய்யில்லை. ஆனால் சுங்கவரி இல்லை என்பது வேறு, சுங்கம் இல்லை என்பது வேறு. பத்திரம் எழுத வேண்டும், பொருள் எங்கே பிறந்தது என்று நிரூபிக்க வேண்டும், பெறுமதி சேர் வரியை யாராவது அங்கே கட்ட வேண்டும். நீங்கள் கட்டாவிட்டால் வாசலில் வைத்து வாங்குபவரிடம் கேட்பார்கள். அந்த 17 யூரோவில் ஒரு பங்குதான் வரி. மிச்சம் அந்த வரியை வாங்கிக் கொடுப்பதற்கான கையாளும் கூலி.

கையாளும் கூலி 30 பவுண் பெட்டிக்கும் 3,000 பவுண் பெட்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்திரம் எழுதும் முகவரும் பெட்டியின் பெறுமதியைப் பார்த்துக் கூலி கேட்பதில்லை. பத்திரத்துக்கு இவ்வளவு என்றுதான் கேட்கிறார். சின்ன வியாபாரம் ஏன் விழுந்தது, பெரிய நிறுவனம் ஏன் நிமிர்ந்து நின்றது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை. ஒரு லொறி நிறையப் பிஸ்கட் அனுப்புபவருக்கு ஒரு பத்திரம். நூறு வீட்டுக்கு நூறு பெட்டி அனுப்பும் உங்களுக்கு நூறு பத்திரம். 2021 தொடக்கத்தில் செஷயர் பக்கத்துச் சீஸ் வியாபாரி ஒருவரின் கதை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. 30 பவுண் பரிசுப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் மிருக வைத்தியர் கையெழுத்திட்ட 180 பவுண் சான்றிதழ் வேண்டும் என்றார்களாம். உங்கள் பால்கோவாவும் சட்டத்தின் கண்ணில் அந்தச் சீஸின் தங்கச்சிதான்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு இதில்தான் பாதி விடை இருக்கிறது. ஒன்றிய எல்லையில் உணவைப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது பால், இறைச்சி, மீன், முட்டை. 2021 ஜனவரியில் ஹூக் வான் ஹொலண்ட் துறைமுகத்தில் பிரித்தானிய லொறி ஓட்டுநர்களின் ஹாம் சாண்ட்விச்சை டச்சு அதிகாரிகள் பறித்துவைத்த காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தனி ஆள் பையிலோ தபால் பொதியிலோ பாலும் இறைச்சியும் போகக் கூடாது என்பது அங்கே பழைய விதி. நாம் உள்ளே இருந்தபோது அது நம்மைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பலகாரத் தட்டைப் பாருங்கள். தொதலில் என்ன இருக்கிறது? அரிசி மா, சர்க்கரை, தேங்காய்ப்பால், கஜு. தேங்காய்ப்பால் பெயரில்தான் பால். சுங்கத்துக்கு அது தேங்காய். பயற்றம் உருண்டை பயறு, தேங்காய்ப்பூ, சீனி. முறுக்கை நீங்கள் பட்டர் போடாமல் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, அப்படியே வைத்திருங்கள். அரியதரமும் அப்படித்தான். எங்கள் ஆச்சிமார் பசுப்பால் குறைந்த வீடுகளில் செய்த பலகாரமெல்லாம் மிருக வைத்தியரின் கையெழுத்து இல்லாமல் எல்லை தாண்டும். பால்கோவா தாண்டாது. அதற்கு ஒவ்வொரு தடவையும் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஒரு சான்றிதழ் 200 பவுண் வரை போகிறது என்று அரசாங்கமே சொல்கிறது. மைசூர்பாகு இரண்டுங்கெட்டான்: கடலை மாவும் நெய்யும் கலந்த கூட்டுப் பொருள். நெய் எந்த நாட்டுப் பாலில் எடுத்தது, எப்படிச் சூடாக்கியது, பலகாரம் வெளியில் வைத்தால் கெடாமல் இருக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். முகவர் எழுத்தில் சரி என்று தராமல் அதைத் தொடாதீர்கள். கருவாடும் மாசியும் வேண்டவே வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும். வறுத்துத் தூளில் சேர்ந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே தொடங்கலாமா என்றால், தொடங்கலாம். பழைய மாதிரி அல்ல.

நூறு வீட்டுக்கு நூறு பெட்டி என்பதை மறந்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை, ஒரே சரக்காக, ரொட்டர்டாம் மச்சாளுக்கு அனுப்புங்கள். அவர் அங்கே வர்த்தகச் சபையில், அதுதான் கே.வி.கே., வியாபாரமாகப் பதிந்து, சுங்க இலக்கமும் எடுத்து, இறக்குமதியாளராக நிற்கட்டும். ஒரே பத்திரம், ஒரே முகவர் கூலி. நெதர்லாந்தில் ஒரு தடவை இறங்கிவிட்டால் அந்தப் பொருளுக்குப் பிறகு எல்லை இல்லை. பாரிஸுக்கும் ஜெர்மனியின் எஸனுக்கும் அவர் சாதாரணத் தபாலில் போடலாம். உணவுக்கு அங்கே பெறுமதி சேர் வரி 9 சதவீதம். அடிக்கடி இறக்குமதி செய்பவர்களுக்கு எல்லையில் உடனே கட்டாமல் வரிக் கணக்கோடு சேர்த்துக் காட்ட ஒரு அனுமதி உண்டு. "23ஆம் பிரிவு" என்று அங்கத்தைய கணக்காளரிடம் கேட்டால் தெரியும். இது மச்சாளின் தலையில் உண்மையான பொறுப்பை வைக்கிறது என்பதை மறைக்காதீர்கள். உணவில் பிழை வந்தால் முதலில் அவருடைய கதவைத்தான் தட்டுவார்கள். சும்மா உதவிக்கு என்று இழுக்காமல், லாபத்தில் இவ்வளவு என்று எழுதிக்கொண்டு தொடங்குங்கள். சொந்தக்காரருக்குள் பணம் கதைப்பது கூச்சம்தான். ஆனால் எழுதாமல் விட்டதால் முகம் பார்க்காமல் போன அண்ணன் தம்பிகளை இந்த மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லேபிளை மாற்ற வேண்டும். லண்டன் முகவரி மட்டும் போதாது, ஒன்றியத்துக்குள் இருக்கும் முகவரி ஒன்று வேண்டும், அது மச்சாளுடையது. விற்கும் நாட்டு மொழியில் பொருட்பட்டியல் வேண்டும். முறுக்கில் எள், தூளில் கடுகு, இவை ஒவ்வாமைப் பொருட்கள் என்பதால் தடித்த எழுத்தில்.

அடுத்தது பிறப்பிடம். இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். கறித்தூளை யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்து ஹரோவில் பைக்கற்றில் போட்டால் அது பிரித்தானியப் பொருள் ஆகிவிடாது. பொதி கட்டுவது உற்பத்தி அல்ல. மிளகாயும் மல்லியும் வாங்கி நீங்களே வறுத்து அரைப்பதைப் பற்றி வேறு கேள்வி எழும். அதற்கு முகவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். முறுக்குக்கும் அப்படித்தான், மாவுக்கும் சீனிக்கும் எடை வரம்புகள் உண்டு. மாவு இந்தியாவிலிருந்து வந்ததா என்று கேட்பார்கள், விலைச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இந்தச் சிக்கல் பெரிய கடைகளையும் விடவில்லை. ஜெர்மனியில் செய்த பெர்சி பிக் மிட்டாயை லண்டனுக்குக் கொண்டுவந்து அயர்லாந்துக் கடைக்கு அனுப்பினால் வரி விழுகிறதே என்று 2021 ஜனவரியில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தலைவரே சொன்னார். உங்கள் காஞ்சிபுரம் சேலைக்கும் அதே கதிதான். இந்தியாவில் நெய்தது, இங்கே ஒரு தடவை வரி கட்டியது, பாரிஸுக்குப் போகும்போது அங்கே மறுபடி கட்டுகிறது. சேலையை ஐரோப்பாவுக்கு விற்க ஆசையென்றால் இந்தியாவிலிருந்து நேராக மச்சாளுக்கு வரவழையுங்கள். லண்டனைச் சுற்றிப் போவதில் இனி ஒரு லாபமும் இல்லை. கவரிங் நகைக்கு 2024 டிசம்பர் 13 முதல் இன்னொரு விதி: உணவல்லாத பொருட்களுக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் முகவரியும் வேண்டும். வட அயர்லாந்துக்கும் இது பொருந்தும். பெல்ஃபாஸ்டில் இருக்கும் அந்த இரண்டு வாடிக்கையாளருக்குத் தோடு அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். அதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

"கார்க்காரரிடம் கொடுத்துவிடலாமா" என்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியது சரி. அந்தக் காலத்தில் வெள்ளி இரவு வானில் ஏற்றி, டோவர் துறைமுகம் தாண்டி, சனி காலையில் பாரிஸ் லாச்சப்பலில் இறக்கியவர்களை எனக்கும் தெரியும். அப்போது அது வியாபாரம். இப்போது விற்கும் பொருளைச் சொல்லாமல் கொண்டுபோனால் கடத்தல். பிடிபடுவது கார்க்காரர், பெயர் கெடுவது உங்களுக்கு.

தனிப் பெட்டிகளும் கொஞ்சம் அனுப்பத்தான் வேண்டும் என்றால், 150 யூரோவுக்குட்பட்ட பெட்டிக்கு வரியை விற்கும்போதே வாங்கிக் கட்டும் ஒரு முறை 2021 ஜூலையிலிருந்து இருக்கிறது. ஒன்றியத்துக்குள் இருக்கும் இடையாளர் ஒருவர் மூலம் பதிய வேண்டும், அவருக்கும் கூலி. வாசலில் பணம் கேட்கும் அவமானம் அதோடு நிற்கும். ஆனால் 150 யூரோவரை சுங்கவரி இல்லை என்ற சலுகையையே எடுத்துவிடுவதென்று ஒன்றிய நிதி அமைச்சர்கள் 2025 நவம்பரில் முடிவெடுத்துவிட்டார்கள். 2026 ஜூலை 1 முதல் சின்னப் பொதிகளில் பொருள் வகைக்கு 3 யூரோ என்று அடுத்த மாதமே தீர்மானித்தார்கள். குறி சீனாவிலிருந்து வரும் மலிவுப் பொதிகள்தான். ஆனால் வேலிக்கு வெளியே நிற்பவர் எல்லார்மேலும் அது படும். மொத்தச் சரக்காக அனுப்புங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பொறுப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். 2025 மே 19 அன்று லண்டனில் பிரதமர் கெயர் ஸ்டாமரும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஊர்சுலா வொன் டெர் லேயனும் ஒன்றாக நின்று அறிவித்ததில் உங்களுக்கு வேண்டிய வரி ஒன்று இருந்தது: உணவு, தாவரம், விலங்குப் பொருள் சுகாதார விதிகளில் ஓர் உடன்பாடு. அரசாங்கம் 2027 நடுவில் நடைமுறைக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. வந்தால் பால்கோவாவுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லாமல் போகும். பிரித்தானியா அந்த உணவு விதிகளை ஒன்றியம் மாற்ற மாற்றத் தானும் மாற்ற வேண்டும். அதுதான் அதன் விலை, அதைப் பற்றித்தான் பாராளுமன்றத்தில் சத்தம். ஆனால் சகோதரி, அந்த உடன்பாடு வந்தாலும் சுங்கப் பத்திரம் போகாது, பிறப்பிடக் கேள்வி போகாது, வரி போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரே சந்தைக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் திரும்ப மாட்டோம் என்று இந்த அரசாங்கம் சொல்லித்தான் 2024இல் வென்றது. ஆகவே தொதலுக்காகவும் முறுக்குக்காகவும் பொறுக்க வேண்டியதில்லை, பால்கோவாவுக்காக மட்டும் பொறுங்கள்.

இனி வீட்டுக் கேள்வி. இதற்கு நான் தகுதியான ஆளா என்று யோசித்தேன். கணக்குப் பார்ப்பவன் என்ற அளவில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நடந்ததைப் போல ஒரு விஷயம் இந்த நாட்டில் எத்தனை தமிழ் வீடுகளில் நடந்தது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 2016 ஜூன் 23 சர்வசன வாக்கெடுப்பில் உங்கள் கணவருக்கு வாக்கு இருந்தது, அப்போது அவரிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. பொதுநலவாய நாட்டவர் இங்கே வதிவுரிமையோடு இருந்தால் வாக்களிக்கலாம். உங்களுக்கு வாக்கில்லை, உங்களிடம் இருந்தது நெதர்லாந்துக் கடவுச்சீட்டு. அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் நீங்கலாக மற்ற ஒன்றிய நாட்டவருக்கு அன்று வாக்கில்லை. எவருடைய பெட்டி, எவருடைய குடியிருப்பு அந்த வாக்கில் தொங்கியதோ அவர் வீட்டில் இருந்தார். உங்கள் கணவர் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தார். "அன்றைக்கு அவர் வந்து தேத்தண்ணி கேட்டார், போட்டுக் கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்தேன்.

ஆனால் அவர் ஏன் அப்படிப் போட்டார் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தமையன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார், ஊரிலிருந்து சமையல்காரர் எடுக்க முடியவில்லை. ஐரோப்பாவிலிருந்து யாரும் வரலாம், நம் ஆள் வர முடியாதா என்ற கோபம். அந்தக் கோபத்தைத் தூண்டியும் விட்டார்கள். 2016 மே மாதத்தில் அப்போது வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த பிரீதி பட்டேல் "கறிக் கடைகளைக் காப்பாற்றுவோம்" என்று ஒரு பிரசாரமே நடத்தினார். விலகினால் தெற்காசியச் சமையல்காரருக்கு வழி திறக்கும் என்பது அதன் சாரம். வழி கொஞ்சம் திறந்தது என்பதும் உண்மை. 2021இல் வந்த புள்ளி முறையில் சமையல்காரர் ஒருவருக்குப் பொதுவாக 25,600 பவுண் சம்பளம் காட்டினால் விசா கேட்க முடிந்தது. 2024 ஏப்ரலில் அது 38,700 ஆனது. 2025 ஜூலையில் 41,700 ஆகி, வேலையும் பொதுவாகப் பட்டப்படிப்பு நிலையில் இருக்க வேண்டும் என்றும் வந்துவிட்டது. சின்னச் சாப்பாட்டுக் கடை அந்தச் சம்பளம் கொடுத்துத் தோசை விற்க முடியாது. உங்கள் கணவர் ஏமாளி அல்ல. அவருக்குச் சொல்லப்பட்டது ஒன்று, கடைசியில் கிடைத்தது வேறொன்று. அவரோடு கதைக்கும்போது அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

கோவிட், விலைவாசி என்று அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2021இல் தபால் எங்கும் தடுமாறியது. 2022இல் உக்ரெயின் போர் வந்தது, எண்ணெய் விலை, எரிவாயுக் கட்டணம் எல்லாம் ஏறின. முறுக்குச் சுடும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இவற்றைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வாளர்கள் பாடுபடுகிறார்கள். லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ஒன்று வெளியிட்டது. புது ஒப்பந்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய 16,400 நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்தின. முன்பு அனுப்பியவர்களில் 14 சதவீதம். 2022இல் நாட்டின் மொத்தப் பொருள் ஏற்றுமதி 6.4 சதவீதம், அதாவது 2,700 கோடி பவுண், குறைந்தது. பெரிய நிறுவனங்கள் சமாளித்துவிட்டன, அடி வாங்கியது சின்னவர்கள். உங்கள் கொப்பியும் அதையே சொல்கிறது. அதே எண்ணெய் விலையில், அதே அடுப்பில் சுட்ட முறுக்கு பர்மிங்காமுக்கும் லெஸ்டருக்கும் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது. நின்றது டோவரைத் தாண்டியது மட்டும்தான்.

மகள் சொல்வதிலும் ஒரு திருத்தம் உண்டு. இழப்பு எது என்பதில் அவள் சரி. "திரும்பச் சேர்ந்தால் எல்லாம் பழையபடி" என்பது அவ்வளவு லேசு இல்லை. இந்த நாட்டின் பெரும்பாலான சின்னக் கடைகள் ஏற்றுமதியே செய்வதில்லை. அவர்களுக்கு இது நேரடியாகத் தெரிவதே இல்லை. வெளியே வந்த பிறகு பிரித்தானியா தனியாகச் சில ஒப்பந்தங்களும் போட்டது. 2025 ஜூலை 24இல் இந்தியாவோடு கையெழுத்தானது அதில் ஒன்று, நம் மளிகைக் கடைகளுக்கு அதில் அக்கறை உண்டு. விலகியது தவறு என்று கருத்துக்கணிப்புகளில் சில வருடங்களாகவே பாதிக்கு மேல் சொல்கிறார்கள். ஆனால் மறுபடி ஒரு வாக்கெடுப்பு, அந்தச் சத்தம், அந்த வசை வேண்டுமா என்று கேட்டால் அதே ஆட்களில் பலர் தயங்குகிறார்கள். 51.9க்கு 48.1 என்று நாடு பிளந்தது. ஹரோ இருப்போம் என்றது, பக்கத்து ஹிலிங்டன் போவோம் என்றது. நடுவில் ஒரு தெருதான். உங்கள் சாப்பாட்டு மேசையில் கூட நடுவில் ஒரு கறிச் சட்டிதான்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. இந்த விவாதம் பத்து வருடமாக நடக்கிறது, அதில் உங்களைப் போன்றவர்களின் குரல் ஏறக்குறைய இல்லை. விலகாமல் இருந்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிட நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்று வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் கணிக்கிறது. ஒரு பக்கம் அதைத் தூக்கிக் காட்டுகிறது, மறுபக்கம் எங்கே தெரிகிறது காட்டு என்கிறது. இரண்டு பக்கமும் சராசரியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நிறுத்திவிட்ட வியாபாரம் கணக்கில் ஒரு வரியாகக் கூட வராது. வழக்கு இல்லை, கடன் இல்லை, கடை பூட்டவில்லை. ஒருவர் பெட்டி கட்டுவதை விட்டுவிட்டார், அவ்வளவுதான். நீங்கள் உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்தேன், கடிதத்தில் இல்லை. எழுதுங்கள். திரும்பச் சேர வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுத வேண்டாம். அந்த இரண்டு கொப்பிப் பக்கங்களின் படத்தையும், ஏழு "திரும்பியது"களையும், 28க்கு 17 என்ற கணக்கையும் அனுப்புங்கள். சின்னப் பொதிக்கு எளிய வழி கேளுங்கள். உணவு உடன்பாட்டுப் பேச்சு நடக்கும் காலம் இது. தமிழில் எழுதி மகளிடம் கொடுங்கள், அவள் ஆங்கிலத்தில் தட்டட்டும். அனுப்ப முன்னம் உங்கள் கணவரிடம் வாசிக்கக் கொடுங்கள். கணக்கில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்; அவர் கடைக் கணக்குப் பார்த்தவர், பார்ப்பார்.

கேட்காத ஒன்று. பிரித்தானியக் குடியுரிமை எடுக்கலாமா என்று யோசிப்பதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நெதர்லாந்துச் சட்டத்தில் வேறு குடியுரிமையை நீங்களாகப் போய் எடுத்தால் அவர்களுடையது பொதுவாகப் போய்விடும். வாழ்க்கைத் துணை நீங்கள் புதிதாகக் குடியுரிமை எடுக்கும் நாட்டின் குடிமகனாக இருந்தால் விலக்கு உண்டு. உங்கள் கணவர் இப்போது பிரித்தானியர் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தலாம். விண்ணப்பம் போட முன்னம் நெதர்லாந்துத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று வாக்கைத் தராத அந்தச் சிவப்புக் கடவுச்சீட்டில்தான் நீங்கள் இன்றும் ரொட்டர்டாமில் விசா இல்லாமல் இறங்கி, மச்சாளோடு நின்று பெட்டி பிரித்து, கடை போடவும் முடியும்.

முதல் சரக்கு சிறியதாக இருக்கட்டும். தொதல், பயற்றம் உருண்டை, முறுக்கு, மூன்று மட்டும், மொத்தம் ஒரு 60 கிலோ. ஒவ்வொன்றின் பொருட்பட்டியலையும் நிறை விகிதத்தோடு எழுதி, மா, சீனி, எண்ணெய் வாங்கிய விலைச்சீட்டுகளோடு எனக்கு அனுப்புங்கள். முறுக்குக்கு எந்த எண்ணெய் என்பதை மறக்காமல் எழுதுங்கள், கடிதத்தில் அது இல்லை.